மீன்தொட்டிக்குக் கீழே

மூன்று வாரம் தேயிலைத் தொழிற்சாலையின் அடுப்பறையில் கிடந்து காய்ந்த பலகை அது. விரலால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். செல்லசாமி சீவுளியை வைத்து ஒரு தள்ளுத் தள்ளியபோது, சுருண்டு வந்த சீவல் அவன் மணிக்கட்டில் ஈரமாக ஒட்டிக்கொண்டது.

உதறிவிட்டு இன்னொரு தள்ளுத் தள்ளினான். அதுவும் ஈரம். கை வியர்த்திருக்கும் என்று சட்டையில் துடைத்துக்கொண்டு, சீவலை எடுத்து மூக்கருகே கொண்டுபோனான். மர வாசனையே இல்லை. பச்சை மண்ணும் நசுங்கிய தேயிலை வேரும் கலந்து, மலை சரிந்த அன்று தோட்டம் முழுக்க அடித்ததே ஒரு வாசனை, அதுதான் அடித்தது. பதினெட்டு வருடமாகத் தோட்டத்துத் தச்சன் அவன். காய்ந்த பலகை எது, ஈரப் பலகை எது என்று தெரியாதா அவனுக்கு? இருந்தும் பலகையைத் திருப்பிப் போட்டு, மறுபக்கத்தைச் சீவ ஆரம்பித்தான்.

அவனும் மனைவி வினோதாவும் அப்போது குடியிருந்தது வட்டவளைக்கு மேலே, தோட்டத்துப் பழைய பிள்ளைக்காம்பிராவில். அம்மாக்கள் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடமாக ஒரு காலத்தில் இருந்தது. புதிதாக ஒன்று கட்டிய பிறகு பூட்டிக் கிடந்தது. மண்சரிவில் அவர்கள் இருந்த வரிசை வீடான லயம் போனதும், "தற்காலிகமா இருங்க" என்று சாவியைக் கொடுத்தார்கள். தற்காலிகம் மூன்று மாதமாகிவிட்டது. உத்தரத்தில் தொட்டில் கட்டுகிற இரும்புக் கொக்கிகள் இன்னும் வரிசையாகத் தொங்கின. பின்னேரம் மூன்று மணிக்குமேல் மூடுபனி கதவிடுக்கால் மெதுவாக உள்ளே வந்து, பழைய பாலும் மூத்திரமும் ஊறிப்போன அந்தச் சுவர்களைத் தடவி, கொக்கிகளை ஒவ்வொன்றாக மறைக்கும்.

மீன்தொட்டி வினோதாவின் ஆசை. ஆசை என்றா சொல்வது அதை? ஹட்டனில் கடை வைத்திருக்கும் முனாப், மீன் விற்பதை நிறுத்திவிட்டுக் கைபேசி உறைகள் விற்கத் தொடங்கியிருந்தார். மூலையில் கிடந்த நாலடி நீளக் கண்ணாடித் தொட்டியை இவள் பார்த்தபடியே நின்றிருக்கிறாள். "புள்ளைக்கா தங்கச்சி? சும்மா கொண்டு போங்க. புள்ளைக்குக் குடுக்கிறதுக்கு நான் சல்லி எடுக்க மாட்டேன்" என்றாராம். எந்தப் பிள்ளைக்கு என்று அவருக்குத் தெரியாது, பாவம்.

தனுஷிகாவுக்கு ஏழு வயது. ஜாம் போத்தலும் கையுமாக ஓடையில் மீன் பிடிக்கிறவள். மலை சரிந்த அன்று தொலைந்துபோனாள். தொலைந்துபோனாள் என்பது வினோதா சொல்வது. ஊரும் அவள் முன்னால் அப்படித்தான் சொல்லும். அந்த லயத்தில் நாலு பேரைத் தோண்டி எடுத்தார்கள். தனுஷிகா மட்டும் கிடைக்கவில்லை. பன்னிரண்டு நாள் தேடிவிட்டு மண் தோண்டும் இயந்திரம் திரும்பிப் போனது. உடல் இல்லாமல் கருமாதி செய்யலாம் என்று பெரியவர்கள் வந்து பேசியபோது, வினோதா கையிலிருந்த சோற்றுத் தட்டைத் தூக்கி வாசலில் எறிந்தாள். லயத்தில் பக்கத்துக் காம்பிராவில் இருந்த ராசம்மா, தப்பி ஓடும்போது முன்னால் ஒரு பிள்ளை ஓடியதைப் பார்த்ததாகச் சொல்லியிருந்தாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி, முகாம், பொலிஸ் என்று படத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள் வினோதா. மகள் எங்கோ இருக்கிறாள், வந்துவிடுவாள். வந்தால் பார்ப்பதற்குத்தான் இந்த மீன்தொட்டி.

தனுஷிகா எங்கேயும் ஓடவில்லை என்று செல்லசாமிக்குத் தெரியும். அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

அன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. வினோதா ஹட்டன் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். தொழிற்சாலைக் கூரைத்தகடு காற்றில் தூக்குகிறது, ஓடி வா என்று ஆள் வந்தது. ஓடையில் தண்ணீர் உடைத்துக்கொண்டு ஓடியது. விட்டுவிட்டுப் போனால் மகள் போத்தலைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் போவாள். பெற்றவர்கள் இருவரும் வேலைக்குப் போகிற வீடுகளில் எல்லாரும் செய்வதைத்தான் அவனும் செய்தான். கதவைச் சாத்தி வெளியே கொண்டி போட்டான். "அப்பா, கொண்டி போடாதீங்கப்பா, பயமா இருக்கு" என்று உள்ளிருந்து கேட்டது. "பத்து நிமிசம் கண்ணு" என்றான். மலைக்கு அந்தப் பத்து நிமிஷம் போதுமாக இருந்தது.

ஐந்தாம் நாள், கீழ்ப் பள்ளத்தில் கதவு மட்டும் நிலையோடு பிய்ந்து கிடந்ததை அவன்தான் முதலில் பார்த்தான். கொண்டி போட்டது போட்டபடியே இருந்தது. யாரும் வருமுன் இழுத்துக்கொண்டு போய்த் தொழிற்சாலை விறகு மடுவத்தில், விறகுக் குவியலுக்குப் பின்னால் ஒளித்தான். கொண்டியைக் கழற்றி ஆற்றில் வீசினான். கதவை எரித்துவிட இரண்டு தடவை அடுப்பு வாய்வரைக்கும் கொண்டுபோனான், கை விடவில்லை, அடுப்பறையிலேயே சாத்தி வைத்தான். மகள் கடைசியாகக் கை வைத்த பலகை ஆயிற்றே, எப்படி விடும்? அப்போதுதான் வினோதா தொட்டிக்கு ஒரு ஸ்டாண்ட் கேட்டாள். அறுத்து, சீவி, வார்னிஷ் அடித்துவிட்டால் அதுதான் கதவு என்று யாருக்குத் தெரியும்? அவள் கண்முன்னாலேயே வைத்து ஒளித்துவிடலாம் என்று நினைத்தான். பாவி மனசு, அதற்கு இப்படித்தான் நினைக்கத் தோன்றும்.

வேலையில் மட்டும் அவன் குறை வைக்கவில்லை. தொட்டி நிரம்பத் தண்ணீர் விட்டால் இருநூற்றைம்பது லீற்றர். மூன்று நாலு ஆளின் பாரம். இடிந்த லயத்துக் கூரையிலிருந்து எடுத்த கைமரங்களில் ஆணி பிடுங்கி, உளுத்ததை ஒதுக்கி, நாலு கால் அறுத்தான். பாரம் ஆணியில் நிற்கக்கூடாது, மரத்தின் மேல் மரம் உட்கார வேண்டும் என்று காலில் பாதி, சட்டத்தில் பாதி வெட்டிப் பொருத்தினான். முன்பக்கம் நடுவில் இன்னொரு கால் வைக்கப் போனபோது வினோதா தடுத்தாள்.

"நடுவுல எதும் வேணாங்க. கீழ அலுமாரி மாதிரி ரெண்டு கதவு போட்டு விடுங்க. பொங்கலுக்கு அவளுக்கு எடுத்த சட்டைய அதுக்குள்ள வைக்கணும். வந்தோன்ன அவளே எடுத்துப் போட்டுக்குவா."

"பாரம் தாங்கணும்ல புள்ள."

"நீங்க செஞ்சா தாங்கும்."

மேல் சட்டத்தை இரட்டையாக்கினான். அந்தக் கதவை இரண்டாக அறுத்து, இரண்டு சின்னக் கதவுகள் செய்தான். அறுக்கும்போது வாளின் பல்லிடுக்கில் தூள் வரவில்லை, சேறு வந்தது. அவன் அதைத் துணியால் துடைத்துத் துடைத்து அறுத்தான்.

மாசி மாதம் ஒரு புதன்கிழமை ஸ்டாண்டை உள்ளே தூக்கி வைத்தார்கள். ரசமட்டம் வைத்துப் பார்த்தான், குமிழி நட்டநடுவில் நின்றது. மேலே வெள்ளை ரெஜிபோம் நுரைத்தகடு, அதன்மேல் தொட்டி. பீலிக் குழாயிலிருந்து வாளி வாளியாகச் சுமந்து ஊற்றினார்கள். மரம் ஒரு முனகல்கூட முனகவில்லை. முனாப் கொடுத்திருந்த ஐந்து தங்கமீன்களை வினோதா ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் விட்டாள்.

ஐந்தும் நேரே அடிக்குப் போயின. தலை கீழே, வால் மேலே. வாயைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றன. தீனி போட்டாலும் ஏறி வரவில்லை. கண்ணாடிக்குக் கீழே இருப்பது வெறும் வெள்ளைத் தகடு, அதற்குக் கீழே பலகை, அதற்குக் கீழே இருட்டு அலுமாரி. அப்படி எதைப் பார்க்கின்றன என்று அவன் தன்னையே கேட்டுக்கொண்டான். பதில் வந்துவிடுமோ என்று பயந்து எழுந்து வெளியே போய்விட்டான்.

மறுநாள் விடியற்காலை, வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குக் கிளம்ப எழுந்தபோது, ஸ்டாண்டின் இரண்டு கதவுகளும் ஆவென்று திறந்திருந்தன. காந்தப் பிடிப்பு வைத்த கதவுகள், இழுக்காமல் திறக்காது. மடித்து வைத்திருந்த பொங்கல் சட்டை உள்ளே சுருண்டு கிடந்தது. ஒரு கை உள்பக்கமாகத் திரும்பியிருந்தது, அவசரமாகக் கழற்றிப் போட்டால் திரும்புமே, அப்படி. கழுத்தில் சேறு.

வினோதா சட்டையை எடுத்துப் போய் அலசினாள். கொடியில் போடும்போது சிரித்தாள். மூன்று மாதத்தில் முதல் சிரிப்பு. பெண்டாட்டி சிரித்ததற்குப் பயப்படுகிற நிலைமை எந்தப் புருஷனுக்கும் வரக்கூடாது.

அன்று பின்னேரம் அவள் சோறும் பருப்பும் தட்டில் போட்டு அந்த அலுமாரிக்குள் வைத்தாள். காலையில் தட்டு காலி. விளிம்பில் சின்ன விரல்கள் வழித்த தடம், தடம் முழுக்கச் செம்மண்.

செல்லசாமி வேலைக்குப் போகும் வழியில் ராசம்மாவைப் பிடித்தான். "அக்கா, அன்னைக்கு நீங்க தனுவப் பாத்தது நெசமா?"

ராசம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, சுற்றும் முற்றும் பார்த்தாள். "புள்ளதான் தம்பி. மொகத்தப் பாக்கல. வினோதாகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லல. நாங்க எல்லாரும் கீழ ஓடுனோம். அது மேல ஓடுச்சு. மண்ணு எறங்கி வர்ற பக்கமா."

அவள் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நடந்துவிட்டாள்.

அவன் மகள் கொண்டி போட்ட கதவுக்குப் பின்னால் இருந்தாள். அப்படியானால் மேலே ஓடியது எது?

வீட்டுக்கு வந்ததும் கருவிப் பெட்டியைத் துழாவினான். பழைய ஜன்னல் கொண்டி ஒன்று கிடந்தது. எடுத்து, அந்தச் சின்னக் கதவுகளின் வெளிப்பக்கத்தில் வைத்து, நாலு ஸ்க்ரூ ஆணி முறுக்கினான். உள்ளே என்ன இருந்தாலும் உள்ளேயே இருக்கட்டும். கொண்டியைப் போட்டான். போட்ட பிறகுதான் தான் என்ன செய்தோம் என்பது அவனுக்கு உறைத்தது. ஐயோ. இரண்டாவது தடவை.

தட்டுகிற சத்தம் அப்போதுதான் தொடங்கியது.

கட்டையால் அல்ல, உள்ளங்கையால். சின்ன உள்ளங்கை. மூன்று தட்டு, ஒரு நிறுத்தம். மூன்று தட்டு. தொட்டியில் தண்ணீர் நடுங்கியது. மீன்கள் அசையவில்லை. வெளியே மூடுபனியில் மலை முழுக்க மறைந்து, தொழிற்சாலைச் சத்தமும் அடங்கி, உலகத்தில் அந்தத் தட்டல் மட்டும் மிச்சமிருந்தது. காதைப் பொத்திக்கொண்டு சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தான். வினோதா மலையிலிருந்து வந்து, கூடையை இறக்காமலேயே ஸ்டாண்டைப் பார்த்தாள். கொண்டியைப் பார்த்தாள்.

"ஏங்க இதப் போட்டீங்க?"

அவன் காதிலிருந்து கையை எடுத்தான்.

"அவ என்கிட்டச் சொல்லிட்டா. நேத்து. அன்னைக்கும் அப்பா இப்படித்தான் போட்டாங்கன்னு."

அவன் உடைந்துபோனான். தரையில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான். ஓடை, போத்தல், கூரைத்தகடு, பத்து நிமிஷம், பள்ளத்தில் கிடந்த கதவு, எல்லாவற்றையும் கொட்டினான். "நான்தான் புள்ள. நான்தான் கொன்னேன்." அடிப்பாள் என்று நினைத்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கொண்டியை எடுத்துவிட்டு, அடுப்பங்கரைக்குப் போய் விளக்கேற்றினாள்.

இரண்டு நாள் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்டாண்டோடு பேசினாள். தரையில் ஒருக்களித்துப் படுத்து, பாதி திறந்த கதவில் வாயை வைத்து மெல்லிய குரலில் பேசுவாள். பேசிவிட்டுக் காது கொடுப்பாள். தலையாட்டுவாள். அவனுக்கு எதுவும் கேட்காது. சேற்று வாசனை மட்டும் வரும்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவனைப் பெயர் சொல்லாமல் கூப்பிட்டாள். "என்னங்க." பழைய குரல். கல்யாணம் ஆன புதிதில் கூப்பிட்ட குரல். சோறு ஆக்கி, கருவாட்டுக் குழம்பு வைத்து, மகளுக்குப் பிடித்தபடி முட்டை பொரித்திருந்தாள். தட்டு ஒன்றுதான் இருந்தது.

"அவ வெளிய வரணும்னா, அந்த எடத்துல ஒருத்தர் இருக்கணுமாம். நான் போறேன்னு சொன்னேங்க. அப்பாதான் வேணுமாம்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். கோபம் இல்லை அதில். கெஞ்சல்தான் இருந்தது. மூன்று மாதமாகப் படத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்த கால்கள், ஒவ்வொரு வாசலிலும் நின்று கேட்ட வாய். தான் செய்ததற்கு யாரும் ஒரு தண்டனை தரவில்லையே என்று அவன் தினமும் ஏங்கியிருக்கிறான். பிள்ளை வெளியே வருமென்றால் அவன் எங்கேதான் போகமாட்டான்?

"சரி" என்றான்.

குனிந்தான். தலையை நுழைத்தான். தோளைக் குறுக்கினான். நாலடி நீளம், ஒன்றரை அடி ஆழம். அவனே அளந்து அறுத்தது. முழங்காலை மடக்கி முகவாயில் வைத்துக்கொண்டு, முதுகு பின்பலகையில் இடிக்கும் என்று எதிர்பார்த்துப் பின்னால் நகர்ந்தான். இடிக்கவில்லை. இன்னும் நகர்ந்தான். பலகை இல்லை. சில்லென்று மண். மண்ணுக்குப் பின்னால் மண்.

கதவு சாத்திக்கொண்டது. கொண்டி விழுந்தது.

இருட்டு.

தலைக்குமேல் அத்தனை தண்ணீர். அது மெதுவாக ஆடுகிற சத்தம். அவனுடைய மூச்சு.

அவனை உரசிக்கொண்டு ஏதோ போனது. நீளமாக. சாத்திய கதவின் இடுக்கு வழியாகப் போய்க்கொண்டே இருந்தது. பிறகு வெளியே, சிமெந்துத் தரையில், ஈரக் கால்கள். சப். சப். சப்.

"என் தங்கமே!" வினோதா கத்தினாள். "என் கண்ணே, வந்துட்டியாடி! வந்துட்டியா!"

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். செல்லசாமி இருட்டில் கண்ணை மூடிக்கொண்டான். அவனுக்கும் அழுகை வந்தது. போதும். இது போதும். இனி என்ன ஆனாலும் ஆகட்டும்.

அப்போது ஒரு கை அவன் கையைப் பிடித்தது.

சின்னக் கை. விரலிடுக்கெல்லாம் சேறு. ஆள்காட்டி விரலை மட்டும் பிடிக்கிற அந்தப் பிடி அவனுக்குத் தெரியும். கடைக்குப் போகும்போது, கோயிலுக்குப் போகும்போது, ஏழு வருடமாகப் பிடித்த பிடி.

"அப்பா" என்றது குரல், காதோரமாக. "அது போயிருச்சா?"

"எது கண்ணு?"

"என்னோட உள்ள இருந்தது."

வெளியே சோற்றுத் தட்டின் சத்தம் கேட்டது. வினோதா சோறு பிசைகிறாள். அவன் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, அவள் பெயரைக் கத்த வாயைத் திறந்தான். சேற்றுக் கை அவன் வாயைப் பொத்தியது.

"கத்தாதீங்கப்பா. அதுக்குக் கேட்டா எங்கிட்டயே திரும்பி வந்துரும்."

அவள் நடுங்கினாள். அவன் மகள், அவன் மடியில், நடுங்கினாள். அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டான். கத்தினால் இவள். கத்தாவிட்டால் வெளியே இருக்கிற அவள்.

அது போன இடத்தில், இரண்டு கதவுக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சம். அதில் கண்ணை வைத்தான். மூடுபனி அறைக்குள் வந்துவிட்டிருந்தது. வினோதா தெரிந்தாள், ஒரு கையில் தட்டு, மறு கையில் சோற்று உருண்டை, முகம் முழுக்கச் சிரிப்பு.

"ஆ காட்டு தங்கம். ஆ காட்டு."

ஏழு வயதுப் பிள்ளைக்கு ஊட்ட அவள் குனியவில்லை. குதிகால் இரண்டையும் தூக்கி, நுனிவிரலில் நின்றுகொண்டு, சோற்றை மேலே நீட்டினாள். எட்டவில்லை. சிரித்துக்கொண்டே, இன்னும் கொஞ்சம் எக்கினாள்.